மறுத்துச் சொல்ல ஓர் ஆள்

"நீ என்னைப் பத்திச் சொன்னதையெல்லாம் அவங்க நம்பிட்டாங்கம்மா." காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து ஆதிரை சொன்னது இதுதான், ஒரு வார்த்தை நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "நம்புனா நம்பட்டும், இல்லாததையா சொல்லிட்டேன்" என்று தேங்காய் துருவுகிற கையோடு நானும் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு அவள் எதையாவது சொல்லியிருந்தால் சண்டை முறையாக முடிந்திருக்கும். நான் ரெண்டு சொல்ல, அவள் மூணு சொல்ல, அந்தக் கோபத்தில் டிபன் பாக்ஸை மறந்து அவள் வேனில் ஏற, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நான் தெருமுனை வரை ஓட, எங்கள் வீட்டுச் சண்டை அப்படித்தான் முடியும். இன்றைக்கு அவள் லேஸை இறுக்கினாள், டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள், வாசல் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். மறக்காமல் எடுத்துப் போனாளே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கேட்டை அறைந்து சாத்தியிருக்கலாம். பதிமூன்று வயதுப் பெண் கேட்டை அறையாமல் போனால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். இப்போது மத்தியானம் ஆகிவிட்டது, பாளையங்கோட்டை வெயிலில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவள் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் என் விரலில் தேங்காய் வாசனை போகவில்லை, அவள் சொன்னதும் காதை விட்டுப் போகவில்லை. நம்பிட்டாங்க. குற்றம் சொல்லுகிற குரல்கூட இல்லை அது. மழை வந்திருச்சு, கரண்ட் போயிருச்சு என்பது மாதிரி சொன்னாள்.

பெஞ்சுக்கு முதுகு கிடையாது. காத்திருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரட்டும் என்று யாரோ யோசித்து வாங்கியிருக்கிறார்கள். ஃபினாயில் வாசனை, அதற்குள்ளே ஸ்டாஃப் ரூமிலிருந்து யாரோ திறந்த புளிக்குழம்பு வாசனை. எதிரே கதவில் 'மாணவர் ஆதரவு மையம்' என்று போர்டு, உள்ளே கோ-ஆர்டினேட்டர் பெனிட்டா மேடம், ஆதிரையின் கிளாஸ் டீச்சர் அனுஜா மிஸ். கூப்பிடுவார்களாம். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு படம், கோயில் கோபுரம் மாதிரி மூணு அடுக்கு. கீழே அகலமாகப் பச்சை, எல்லாப் பிள்ளைகளும் அதில். நடுவில் மஞ்சள், கொஞ்சம் பேர், தனியாகச் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். உச்சியில் குறுகலாக ஒரு மூணாம் அடுக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஆள், தனித்தனித் திட்டம். அது சிவப்பு இல்லையாம், பவழ நிறமாம். ஜூனில் எல்லாப் பெற்றோரையும் ஹாலில் உட்கார வைத்து விளக்கினார்கள். வாரப் பரீட்சை மார்க், வருகை, வகுப்பில் நடந்துகொள்கிற விதம், பெற்றோர் சொல்வது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகும், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கை கொடுக்க வேண்டும் என்று அது காட்டும், யாரும் கவனிப்பாரற்று விழுந்துவிடக் கூடாது, அதுதான் நோக்கம் என்றார்கள். நான் கைதட்டினேன். உண்மையாகத்தான் தட்டினேன். நான் படித்த கான்வென்ட்டில் யார் விழுந்தாள் என்று யார் பார்த்தார்கள்? விழுந்தவளுக்கு ஒரு முட்டி போடல், அவ்வளவுதான் எங்களுக்கு ஆதரவு மையம். சிஸ்டர் பிலோமினா ஒரே பார்வையில் மொத்த வகுப்பையும் நல்லவள், தேறுவாள், தேறமாட்டாள் என்று மூணாகப் பிரித்துவிடுவார், அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. என்னை இரண்டாவதில் வைத்திருந்தார். வாய் ஜாஸ்தி. என் பேர் சுபாஷிணி, இனிமையாகப் பேசுகிறவள் என்று அர்த்தம் என்று யாரோ சொல்ல, சிஸ்டர் சிரித்த சிரிப்பு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. போகட்டும். இந்தப் பள்ளிக்கூடம் தேவலை என்றுதான் நினைத்தேன். இப்போதும் கூட, அந்தப் படத்தைப் பார்த்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது, கோபம் வந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். மைதானத்தில் பேண்டு அடிக்கிறார்கள். ஜனவரி இருபத்தாறு அணிவகுப்புக்குப் பயிற்சி. பெரிய ட்ரம் சரியாக விழுகிறது, சைடு ட்ரம்தான் இழுக்கிறது, இரண்டு குச்சியையும் விடாமல் ஓட்டுகிற அந்த உருட்டு முடிகிற இடத்தில் ஒரு அடி பிந்தி விழுகிறது. இது ஆதிரை இல்லை. ஆதிரை உருட்டினால் மணலைத் தகரத்தில் கொட்டின மாதிரி ஒரே சீராக வந்து டக்கென்று நிற்கும். அவளை இன்றைக்கு இந்த மீட்டிங்குக்காகப் பேண்டிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இன்றைக்கு மட்டும்தானா என்பதைத்தான் உள்ளே முடிவு பண்ணப் போகிறார்கள். மூணாம் அடுக்கில் போட்டுவிட்டால் கடைசி இரண்டு பீரியடும் இந்த அறையில்தான். பேண்டும் அந்த இரண்டு பீரியடில்தான்.

எனக்கு எப்படித் தெரியும், யார் அடிக்கிறாள் என்று கேட்டே சொல்ல? எந்நேரமும் திட்டிக்கொண்டே கேட்டதால் தெரியும். ஸ்கேல் இரண்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில், கரண்டி இரண்டை வைத்துக்கொண்டு அரிசி டப்பாவில், ஒன்றும் கிடைக்காவிட்டால் விரலால் என் முதுகில். டியூஷனுக்கு ஸ்கூட்டியில் கூட்டிப் போகும்போது பின்னால் உட்கார்ந்து தோள்பட்டைக்குக் கீழே அணிவகுப்பே நடத்துவாள். "ஏட்டி, என் முதுகு என்ன ஸ்கூல் சொத்தா, கைய எடு மூதி" என்று கத்துவேன். கத்திவிட்டு ஹைகிரவுண்டு சிக்னல் வரும்வரை அந்தத் தாளத்துக்குத்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகுவேன், அது அவளுக்குத் தெரியாது. தெரியவிடலாமா? எங்கள் பக்கம் பெற்றவள் வாயால் பிள்ளையை மெச்சக்கூடாது. கண் படும் என்பது ஒன்று, தலைக்கனம் ஏறும் என்பது ஒன்று, அதெல்லாம்கூட இல்லை, அது மரியாதை இல்லை, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் ஒருத்தி, "மக நல்லா வளந்துட்டாளே" என்றால், "வளந்து என்ன செய்ய, குடிச்ச காப்பி டம்ளரக் கழுவ மாட்டா சவம்" என்று நான் உடனே சொல்லியாக வேண்டும். அவள் உடனே, "ஏ, அப்படிச் சொல்லாதீங்க மயினி, தங்கமான பிள்ளல்லா அது" என்று மறுத்தாக வேண்டும். துவைத்த பட்டுப்புடவையை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு நுனி பிடித்து மடிப்பது மாதிரி அது. நான் இறக்கிப் பிடிக்க, அவள் ஏற்றிப் பிடிக்க, நடுவில் பிள்ளை மண்ணில் படாமல் நிற்கும். போன வருஷம் வரை டெய்சி ராணி டீச்சர் இருந்தார், இந்த ஆட்டம் தெரிந்தவர். "இவ எங்கே உருப்படப் போறா டீச்சர்" என்று நான் வாயெடுத்தாலே, "சும்மா கெடங்க ஆதிரையம்மா, நீங்க படிக்கிற காலத்துல இவ்வளவு வாங்குனீங்களா" என்று என் வாயை அடைத்துவிடுவார். பக்கத்தில் ஆதிரை உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அங்கே போவதே, என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. டீச்சர் ரிட்டயர் ஆனார், அனுஜா மிஸ் வந்தாள். நல்ல பெண், கோயம்புத்தூர் பக்கம், இருபத்தஞ்சு வயசு இருக்குமா, 'ங்க' போடாமல் பேசமாட்டாள். ஜூலையில் முதல் முறை பார்க்கப் போனபோது மடியில் டேப்லட். "ஆதிரையைப் பத்திச் சொல்லுங்க மேடம்" என்றாள். நான் வழக்கம்போல, "சொல்ல என்ன இருக்கு, சரியான சோம்பேறி" என்று என் நுனியைப் பிடித்து நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. டைப் பண்ணினாள். "ஓகேங்க மேடம். வேற?" என்றாள்.

வேற. அந்த வேற என்கிற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மறுப்பு வராத இடத்தில் எப்படி நிறுத்துவது, மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி இருக்கும் என்று காலை வைத்தால் இல்லாத மாதிரி. சரி, இது போதவில்லை போல, இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னால் மறுப்பாள் என்று நினைத்தேன், நினைத்தேனா, வாய் நினைத்தது. "வாயத் தொறந்தா பொய்" என்றேன். டைப் பண்ணினாள். வேற? "ஒரு இடத்துல இருக்க மாட்டா மிஸ், எந்நேரமும் எதையாவது தட்டிக்கிட்டே, தல வலிக்கும்." டைப் பண்ணினாள். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை, பேண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்த ஒரே பெண் அவள், அதை அனுஜா கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சுற்றி வளைத்தேன், கேட்கவில்லை. வேற? கடைசியில் எல்லா அம்மாக்களும் எழுந்திருக்கும்போது சொல்வதை நானும் சொன்னேன், "ரெண்டு கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க மிஸ்." என் அம்மா என்னைச் சேர்க்கும்போது சிஸ்டரிடம் சொன்னது, அவளுடைய அம்மாவும் சொல்லியிருப்பாள், யாருடைய தோலும் உரியவில்லை. அனுஜா தலையை நிமிர்த்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பயந்த பார்வை. எனக்கு அது என்ன என்று புரியவில்லை, புடவை ஏதும் விலகிவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். பிறகு அதையும் டைப் பண்ணினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்றவள் வாயால் வருவதைக் குறித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், குறித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு அவளுக்கு என்ன தெரியும், அவள் பிள்ளையைப் பார்த்தே இருபது நாள்தான். ஆகஸ்டில் மஞ்சளில் போட்டார்கள். முன் பெஞ்சிலிருந்து எழுப்பி, ஆறு பேரோடு சன்னல் பக்கத்து வட்ட மேஜையில். "அது நல்லதுக்குத்தான், தனியா கவனிப்பாங்க" என்று அவள் அப்பாதான் சொன்னார், சங்கரன்கோவில் பேங்கிலிருந்து ராத்திரி வந்து சட்டையைக் கழற்றும்போது. நானும், "இவளுக்கு வேணும்" என்றேன். மஞ்சள் மஞ்சள் என்று மற்றதுகள் கூப்பிட்டிருக்கின்றன. அதை அவள் சொல்லவில்லை, வேனில் வருகிற இன்னொருத்தியின் அம்மா காய்கறிக் கடையில் சொன்னாள். அதற்குப் பிறகு கணக்கில் மார்க் இறங்கியது. அல்ஜீப்ரா ஆரம்பித்ததும் அப்போதுதான் என்கிறார் இவர். இருக்கலாம். கேட்ட கேள்விக்கு எழுந்து நின்றும் பதில் சொல்லவில்லை என்று ஒரு குறிப்பு, வகுப்பிலிருந்து கேட்காமல் வெளியே போனாள் என்று ஒரு குறிப்பு. பொய்யா என்றால் பொய் இல்லை. நான் சொன்னபோது இல்லாதது, எழுதினபிறகு வந்து சேர்ந்தது.

அப்புறம் அந்த அக்டோபர் சாயங்காலம். பிள்ளைகளே தங்கள் விவரத்தைப் பெற்றோருக்கு விளக்கிக் காட்ட வேண்டும், அது ஒரு முறையாம், அதில் தன்னம்பிக்கை வருமாம். திரைக்குப் பக்கத்தில் ஆதிரை நின்றாள், கையில் ஒரு குச்சி. எனக்கு என்ன தோன்றியது என்றால், அதை ட்ரம் குச்சி மாதிரி பிடித்திருக்கிறாளே என்று. மார்க் கோடு வந்தது, வருகை வந்தது, அடுத்த பக்கம் 'அம்மா சொல்வது'. இங்கிலீஷில் இருந்தது. அவள் வாசித்தாள். நான் சோம்பேறி என்று அம்மா சொல்கிறார். நான் பொய் பேசுவேன் என்று அம்மா சொல்கிறார். அமைதியற்றவள், எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாள் என்று அம்மா சொல்கிறார். அம்மா உடல்ரீதியான தண்டனையை விரும்புகிறார். ஒரு வரியும் விடாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கான்வென்ட் பிள்ளைகள்கூட அப்படி வாசிக்க மாட்டார்கள். அதில் பொய் பேசுகிறவள் என்கிற இடத்தில், 'லயர்' என்பதற்கு முன்னால் வர வேண்டிய இங்கிலீஷ் 'எ' விட்டுப் போயிருந்தது. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். கடவுளே, என் பிள்ளை அங்கே நின்று அதை வாசிக்கிறாள், நான் மனசுக்குள் இலக்கணம் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த உதட்டைக் கடிக்கிற சிரிப்பு வருவதற்கு ஓர் இடம் விட்டிருந்தாள் முகத்தில். யாராவது, "சும்மா கெடங்க ஆதிரையம்மா" என்று சொல்லியிருந்தால் வந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாமே, நான்! எனக்கு எதிரான நுனியை நானே போய் பிடித்திருக்கலாமே, யார் தடுத்தார்கள்? "வாசிச்சது கேட்டுச்சு, வா, மழ வரும் போலருக்கு" என்றேன். அன்றைக்கு ஸ்கூட்டியில் அவள் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கம்பிதான். வீட்டில் ஸ்கேல் பைக்குள் இருக்கிறது, கரண்டி ஸ்டாண்டில் இருக்கிறது, அரிசி டப்பா அரிசி டப்பாவாக இருக்கிறது. நிம்மதி என்று முதல் வாரம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இப்போது, இதோ, மைதானத்தில் அந்த ட்ரம் இழுக்க இழுக்க, பெஞ்சின் ஓரத்தில் என் விரல்தான் தட்டிக்கொண்டிருக்கிறது, பிந்தி விழுகிற அடியைச் சரி பண்ணிப் பண்ணி. பியூன் அம்மா கடந்து போகும்போது பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டேன். உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்க வேண்டும். மரியாதையாக, மெதுவாக. "மேடம், நான் சொன்னது வழக்கத்துக்குச் சொன்னது, அதை எடுத்துருங்க." அவ்வளவு போதும். வாயைக் காட்டக்கூடாது. ஒரு தடவையாவது என் பேருக்கு ஏற்ற மாதிரி.

"உள்ள வாங்க மேடம்" என்று கதவைத் திறந்தது அனுஜா மிஸ்தான். ஏசி குளிர். பெனிட்டா மேடம் எழுந்து நின்று நாற்காலி காட்டினார், என் வயசுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது தண்டனை இல்ல" என்றார். தண்டனை இல்லை என்று ஆரம்பிக்கிற எதையும் நான் நம்பியதில்லை, ஆனால் அவர் குரலில் நிஜமான அக்கறை இருந்தது, அதுதான் கையைக் கட்டிப்போட்டது. ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நாங்க பிள்ளைங்கள வெளிய அப்படித்தான் பேசுவோம், அது திட்டு இல்ல மேடம், நீங்க மறுத்துச் சொல்லணும், அதுதான் முறை. அனுஜா மிஸ் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியலைங்க மேடம்" என்றாள், "எங்க அம்மாவும் திட்டுவாங்க, ஆனா..." என்று இழுத்தாள், பிறகு பெனிட்டா மேடத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நான் புரிஞ்சுக்கறேன்" என்றார் பெனிட்டா. "ஆனா பதிஞ்சதை எடுக்க முடியாது, புதுசா சேர்க்கலாம். நீங்க சொன்னதை மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்ணல. மார்க் இருக்கு, கிளாஸ்ல நடந்தது இருக்கு." அவர் காட்டிய திரையில் மார்க் கோடு இறங்கிக்கொண்டே போனது. "அதெல்லாம் நீங்க மஞ்சள்ல போட்ட பொறவு வந்தது. மொதல்ல நோயக் குடுத்துட்டு பொறவு காய்ச்சல் இருக்கான்னு பாக்கீங்க" என்றேன். வந்துவிட்டது வாய். அனுஜாவின் விரல்கள் டேப்லட் மேல் லேசாக அசைந்தன, எனக்கு அது கேட்டது, கண்ணாடியில் நகம் படுகிற சத்தம். தாய் ஒத்துழைக்க மறுக்கிறார் என்று இருக்கும். 'எ' போட்டிருப்பாளா. "சரி, இப்ப ஆதிரைகிட்ட உள்ள நல்லதா மூணு விஷயம் சொல்லுங்க மேடம், உள்ள ஏத்திடறேன்" என்றார் பெனிட்டா, உண்மையாகவே எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிற மாதிரி.

மூணு. முந்நூறு சொல்லலாம். "ட்ரம் நல்லா அடிப்பா" என்றேன், "ஆனா..." என்று அடுத்த சொல் தானாக வந்து நின்றது. விழுங்கினேன். மூன்று பேர் இருக்கிற அறையில் ஒரு பெற்றவள் தன் வாயால் பிள்ளையை மெச்சுவதா, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பிறகு எது வந்தது பாருங்கள், "அவ பொய் சொல்லுவா மேடம்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "கருகுன தோச வந்துச்சுன்னா, எனக்குக் கருகுனதுதான் புடிக்கும்னு எடுத்துக்கிடுவா. பொய். அவளுக்குப் புடிக்காது. அத எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு எடுத்துக்கிடுவா. நான் பொய்னு சொன்னது அத." அனுஜா விரலைத் தூக்கியபடியே இருந்தாள். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தேடுகிறாள், பாவம். "இதை... பரிவு-ன்னு போடலாமாங்க மேடம்?" என்று பெனிட்டாவைக் கேட்டாள். போடலாம் என்றார். பரிவு. ஒரு தோசை முழுவதும் ஒரு சொல்லுக்குள் போய்விட்டது. எனக்கு அடுத்தது தோன்றவில்லை, எல்லாம் தோன்றியது, எதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று தோன்றவில்லை. அப்போதுதான் ஆதிரையைக் கூட்டி வந்தார்கள். சீருடையின் காலர் மடங்கியிருந்தது, கை நீட்டிச் சரி பண்ணப் போனேன், அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். பெனிட்டா மேடம் மென்மையாகப் பேசினார், ரொம்ப மென்மை, டாக்டர்கள் மாதிரி. அடுத்த பரிசீலனை பிப்ரவரியில், அதுவரை கடைசி இரண்டு பீரியட் இங்கே, பேண்டுக்கு அடுத்த வருஷம் கண்டிப்பாகத் திரும்பலாம், அம்மா இன்னைக்கு உன்னைப் பத்தி நல்லதாச் சொன்னாங்க தெரியுமா, நீ ஏதாவது சொல்லணுமா ஆதிரை? அவள் யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள், கோபத்தில் வந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். "அம்மா முன்னாடி சொன்னதுதான் மிஸ் சரி" என்றாள்.

மைதானத்தில் பேண்டு நின்றுவிட்டிருந்தது. இப்போது மறுக்க வேண்டியது நான். வேறு யாருக்கும் அந்த நுனி இல்லை, தன்னைத் தானே இறக்கிப் பிடித்துக்கொண்டு என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், ஏ, அப்படிச் சொல்லாதட்டி, தங்கமான பிள்ளல்லா நீ என்று கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத யார் யார் பிள்ளைக்கோ எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், பாயசம் குடித்துக்கொண்டே, யோசிக்காமலே சொல்லியிருக்கிறேன். அனுஜாவின் விரல் காத்திருந்தது. நான் சொன்னால் பரிவு மாதிரி அதுவும் ஒரு கட்டத்துக்குள் போய்விடும் என்று தோன்றியதா, இல்லை, பழக்கமில்லாத நாக்குக்கு நான் இப்போது காரணம் தேடுகிறேனா. "கையெழுத்து எங்க போடணும்" என்று கேட்டேன். டேப்லட்டில் விரலால் போடச் சொன்னார்கள். போட்டேன், கோணலாக வந்தது. "தேங்க்யூ மிஸ்" என்று அவள் சொன்னாள், இரண்டு பேருக்கும் தனித்தனியாக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. வராந்தாவில் எனக்கு முன்னால் நடந்தாள். படி இறங்கும்போது ட்ரம்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி, "ஆதிரை, நாளைக்கு வருவல்ல?" என்று கத்தினாள், இவள் கையை மட்டும் ஆட்டினாள், அது வருவேன் என்பதற்கா வரமாட்டேன் என்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை. ஸ்கூட்டி சீட் வெயிலில் காய்ந்து கிடந்தது, என் துப்பட்டாவால் பின்பக்கம் துடைத்தேன், "சுடும், பாத்து உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். வண்டி லேசாக அமுங்கி நின்றது, அவ்வளவுதான் அவள் இருக்கிறாள் என்பதற்கு அடையாளம், மற்றபடி பின்னால் யாரும் இல்லாத மாதிரி இருந்தது. கம்பியைப் பிடித்திருப்பாள். கேட் தாண்டி, பெட்ரோல் பங்க் தாண்டி, என் முதுகில் காற்று மட்டும் பட்டது, ஒரு கை அகலத்துக்கு அங்கே தோல் விழித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. என்னென்னவோ சொல்ல வந்தது. நீ சோம்பேறி இல்ல. அது ஒரு முறை ஆதிரை, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன், உனக்கும் தெரியும்னு நெனச்சேன். உன் உருட்டு நின்னா எனக்கு வீடு வீடா இல்ல. எல்லாம் பல் வரைக்கும் வந்து நின்றது. ஹைகிரவுண்டு சிக்னலில் சிவப்பு விழுந்தது, வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன். பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, வேர்க்கடலை விற்கிறவன் வாணலியைக் கரண்டியால் டங் டங்கென்று அடித்தான், ஒழுங்கில்லாமல், கேட்கச் சகிக்கவில்லை, அவளுக்கும் சகித்திருக்காது. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன், அவள் முகம் தெரியவில்லை, மடங்கின காலர் மட்டும் தெரிந்தது.

"ஆதிரை" என்றேன், திரும்பாமல். "முதுகுல கொஞ்சம் தட்டேன். அந்த அணிவகுப்புக்கு அடிப்பியே, அது. ஏட்டி... சிக்னல் போடுத வரைக்கும் போதும். தட்டேன்."